கோணல் ஓரிடம், குற்றம் வேறிடம்: ஸ்பேஸ் பிரேம் கோளாறுகளைப் பிடிக்கும் வழி

"அண்ணை, கடைசிப் பைப் ஏறுதில்லை. ஒரு அடி போட்டால் ஏறிடும்."

இந்த வசனத்தைக் கேட்காமல் ஒரு ஸ்பேஸ் பிரேம் வேலையும் முடிந்ததாக எனக்கு நினைவில்லை. சுத்தியல் ஏற்கெனவே தம்பியின் கையில் இருக்கும். கிறேன் மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு நிற்கும். வானம் கறுத்துக்கொண்டு வரும். "சரி, அடி" என்று சொல்லத்தான் வாய் வரும். சொல்லியும் இருக்கிறேன். அந்த அடியின் விலை என்ன என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்றிலிருந்து சொல்வதில்லை.

கல்யாண மண்டபம், கோயில் முன்மண்டபம், பாடசாலை உள்ளரங்கு என்று நடுவில் தூண் வேண்டாம் என்கிற இடங்களுக்குத்தான் யாழ்ப்பாணத்தில் இந்தச் சட்டத்தைக் கேட்கிறார்கள். சாதாரண முக்கோணக் கூரைச் சட்டத்தில் ஒரு பைப் பிழைத்தால் பிழை அந்தச் சட்டத்துக்குள்ளேயே கிடக்கும். இது வேறு சாதி. மேலே ஒரு வலை, கீழே ஒரு வலை, இரண்டையும் கட்டுகிற சாய்வுப் பைப்கள்; பாரம் எந்தப் பக்கமும் ஓடித் தப்பலாம். ஒரு பைப் கைவிட்டால் அதன் பங்கைச் சுற்றியிருப்பவை சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும். அதனால் வளைந்து நிற்கிற பைப் பல நேரம் குற்றவாளியல்ல, பக்கத்து வீட்டுக்காரனின் கடனைக் கட்டிக்கொண்டு நிற்பவன். கீழே அறிகுறி அறிகுறியாக எழுதியிருப்பது அந்தக் கடன்காரனைத் தேடிப் போகிற வழி.

கணக்கு விளங்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். 24 மீற்றருக்கு 24 மீற்றர் மண்டபம். 2 மீற்றர் கட்டம். ஒன்றரை அங்குல நடுத்தரப் பைப், அதாவது வெளிவிட்டம் 48.3 மி.மீ., தடிப்பு 3.2 மி.மீ. மேல் வலைக்கும் கீழ் வலைக்கும் இடையில் 1.414 மீற்றர். இந்த 1.414 சும்மா வந்த எண்ணல்ல. கட்ட நீளத்தை 0.707ஆல் பெருக்கி ஆழத்தை வைத்தால் சாய்வுப் பைப்பும் சரியாக 2 மீற்றர் வரும். முழு மண்டபத்துக்கும் ஒரே நீளம், ஒரே அச்சு (பைப்பை வைத்து அளவு பார்க்கும் சட்டகம்). ஜேர்மனியரான மெங்கரிங்ஹவுசன் 1940களின் தொடக்கத்தில் கொண்டுவந்த மெரோ பந்தின், அதாவது பைப்களின் நுனிகளைப் போல்ட்டால் சேர்க்கிற உருண்டை முடிச்சின், 18 துளைகளும் இந்தக் கோணங்களுக்குப் பொருந்தும். சிறு பட்டறைக்கு இதைவிட நல்ல வரம் இல்லை. பந்தை எங்கள் பட்டறையில் "குண்டு" என்று சொல்வதில்லை. ஏன் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஏணியில் ஏற முன்பு வரைபடத்தில் ஒவ்வொரு பைப்புக்கும் பந்துக்கும் எண் போடுங்கள். கோளாறு கண்ட இடத்தையெல்லாம் சிவப்பால் குறியுங்கள். ஒரு சிவப்புப் புள்ளி ஒன்றும் சொல்லாது. பத்துப் புள்ளி விழுந்தால் அது ஒரு கோடாகவோ, ஒரு மூலையாகவோ, நடுவைச் சுற்றிய வட்டமாகவோ உருவெடுக்கும். பாதி விடை அந்த உருவத்தில் இருக்கிறது. கையில் வேண்டியவை: நைலோன் நூல், வேர்னியர், நீர்மட்டக் குழாய், சின்னச் சுத்தியல், ஒரே ஒரு இரும்பு நாடா. இரண்டு நாடா கொண்டுபோனால் இரண்டு விதமான மில்லிமீற்றர் வரும்.

கடைசிப் பைப் ஏறவில்லை

முதலில் இடைவெளியை அளந்து எழுதுங்கள். எத்தனை மி.மீ. குறைகிறது அல்லது கூடுகிறது? பிறகு, பிழை பைப்பிலா இடத்திலா என்று பாருங்கள். பைப்பைக் கீழே இறக்கி அச்சில் வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரியும். பைப் சரி என்றால் கட்டிய பகுதியின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமில்லையென்றால் கட்டம் கோணலாகியிருக்கிறது. கடைசி இரண்டு வரிசையின் போல்ட்களை அரைவாசி தளர்த்தி, சதுரத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி இறுக்குங்கள். பாதிக்கு மேற்பட்ட தடவை பைப் தானாக ஏறிவிடும்.

ஏறாவிட்டால் நீளத்தில்தான் பிழை. இங்கேதான் சுத்தியல்காரருக்கு நான் சொல்கிற கணக்கு. 2 மீற்றர் பைப்பை 1 மி.மீ. இழுத்துப் பூட்டினால், இரண்டு நுனியும் அசையாத இடமாக இருந்தால், அதனுள்ளே சதுர மில்லிமீற்றருக்கு 100 நியூட்டனுக்குச் சற்று மேல் இறுகி நிற்கும். 275 தரத்து இரும்பு நெகிழத் தொடங்குவதே 275இல். கூரைச் சீற் போடவில்லை, காற்று அடிக்கவில்லை, அதற்குள் பைப்பின் பலத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல் போய்விட்டது. உண்மையில் பக்கத்துப் பைப்கள் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், ஆகவே முழுதும் இதிலேயே நிற்காது. மிச்சம் பக்கத்துப் பைப்களில் நிற்கும். அவற்றில் ஒன்று ஆறு மாதம் கழித்து வளையும். அப்போது யாருக்கும் இந்த அடி நினைவிருக்காது.

நீளம் பிழைக்கிற வழிகள் சில. வெட்டுத் தகட்டின் தடிப்பு 3 மி.மீ.; கோட்டின் எந்தப் பக்கம் வெட்டுவது என்று இரண்டு பேர் இரண்டு விதமாக நினைத்தால் பைப்புக்குப் பைப் 3 மி.மீ. வித்தியாசம். பைப்பின் நுனியில் வைக்கும் கூம்பை வெல்ட் செய்யும்போது ஒவ்வொரு நுனியும் ஒன்று, ஒன்றரை மி.மீ. சுருங்கும், அந்தச் சுருக்கத்தை முதல் ஐந்து பைப்பில் அளந்து அச்சில் கூட்டி வைக்க வேண்டும். வெயில் இன்னொன்று. சித்திரை வெயிலில் கிடந்த 6 மீற்றர்க் கறுத்தப் பைப் விடியற்காலையில் இருந்ததைவிட 20 பாகை கூடச் சுட்டால் 1.4 மி.மீ. நீளும். காலையில் பாதியும் மத்தியானம் பாதியும் வெட்டாமல், கொட்டிலுக்குள் நிழலில் வைத்து வெட்டினாலே போதும்.

என் சொந்தப் பிழையையும் சொல்லிவிடுகிறேன். பைப் நீளத்துக்கு, மையத்துக்கு மையம் உள்ள தூரத்தில் இருந்து பந்து, ஸ்லீவ் (கூம்புக்கும் பந்துக்கும் இடையில் போல்ட்டைச் சுற்றி நிற்கும் குழல்), கூம்பு மூன்றையும் இரண்டு பக்கமும் கழிக்க வேண்டும். பந்தின் விட்டம் 110 மி.மீ.; நான் 55 கழித்தேன். ஆனால் துளையின் வாயில் பந்தைச் சீவித் தட்டையாக்கியிருப்பார்கள். மையத்தில் இருந்து அந்தத் தட்டைக்கு 52 தான். ஒரு நுனிக்கு 3, பைப்புக்கு 6. எட்டுக் கட்டம் உள்ள சிறு கூரை அது. வேடிக்கை என்னவென்றால் ஒவ்வொரு பைப்பும் வெண்ணெய் போல ஏறியது, ஏனென்றால் எல்லாமே ஒரே அளவால் பிழை. நிலத்தில் கட்டி முடித்துத் தூக்கி வைத்த பிறகுதான், தூணில் உள்ள ஆணிக்கு 48 மி.மீ. தள்ளி நின்றது. தூண் கட்டிய மேசனோடு அரைமணித்தியாலம் சண்டை பிடித்தேன். அவர் தூண் சரியாகத்தான் இருந்தது.

இதில் இருந்து ஒரு பிரிப்பு: எல்லாம் ஒரே அளவால் பிழைத்தால் சட்டத்துக்குள் இறுக்கம் இல்லை, தூணில் மட்டும் வெளிப்படும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பிழைத்தால் தூணில் ஒன்றும் தெரியாது, உள்ளே இறுகி நிற்கும். இரண்டாவதுதான் மோசம். எங்கள் பட்டறை விதி ±1 மி.மீ. அதற்கு வெளியே போனதை வெட்டிப் புதுக்கூம்பு வைப்போம், அடித்துப் பூட்டுவதில்லை.

பைப் வாங்குகிற செலவைப் பற்றியும் இங்கேயே ஒரு வார்த்தை. 2 மீற்றர் கட்டத்துக்கு எங்கள் பந்து, கூம்பு அளவில் பைப் 1706 மி.மீ. வரும். 6 மீற்றரில் மூன்று வெட்டினால் 880 மி.மீ. மிச்சம், வேலிக்குத்தான் உதவும். கட்டத்தை 2.28 மீற்றருக்கு மாற்ற மண்டபத்தின் அளவு இடம் தந்தால் மிச்சம் ஒரு சாண்கூட வராது. வரைபடம் கீறுகிற ஆளிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். கீறி முடிந்த பிறகு சொன்னால் கோபிப்பார்.

ஒரு பைப் வில்லாக வளைந்து நிற்கிறது

கண்ணை நம்பாதீர்கள். நூல் பிடியுங்கள். நீளத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 2 மீற்றரில் 2 மி.மீ. வரை பொறுக்கலாம். அதற்கு மேல் என்றால் அந்தப் பைப் எங்கே நிற்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். இந்த அறிகுறியில் இடம்தான் எல்லாம்.

தூணுக்குப் பக்கத்துச் சாய்வுப் பைப் வளைந்திருந்தால் அது பாரத்தின் வாசல். முழுக் கூரையின் பாரமும் தூணுக்கு இறங்குகிற வழி அது, அங்கே ஒன்றரை அங்குலம் போதாமல் போயிருக்கலாம். ஒரே அளவுப் பைப்பை மண்டபம் முழுக்கப் போட்டவர்களுக்கு வருகிற நோய் இது. தூணைச் சுற்றிய பைப்களை ஒரு படி, சில வேளை இரண்டு படி பெருப்பிக்க வேண்டும்.

மேல் வலையின் நடுவில் வளைந்திருந்தால் கூரையின் பாரம் கணக்கைவிடக் கூடிவிட்டது, அல்லது பைப் கணக்கைவிட மெலிந்துவிட்டது. மேலே பிறகு வந்து ஏறியது என்ன என்று பாருங்கள். இப்போது பெரும்பாலும் சோலர் தகடு. சட்டத்தோடு சேர்த்துச் சதுர மீற்றருக்கு 15 கிலோ அளவில் வரும்.

எந்த ஒழுங்கும் இல்லாமல், பாரமே அதிகம் வராத ஒரு மூலையில் ஒன்று மட்டும் வளைந்திருந்தால் மேலே சொன்ன சுத்தியலை நினையுங்கள். அதன் அயலில் எங்கோ ஒரு பைப் அடித்துப் பூட்டப்பட்டிருக்கிறது.

கீழ் வலையில் வளைந்திருந்தால்? இதைத்தான் பலர் நம்ப மறுப்பார்கள். "கீழே இழுவைதானே அண்ணை, இழுக்கிற கம்பி எப்படி வளையும்?" காற்று கூரையை மேலே தூக்கும்போது கீழ் வலை அமுங்கும். தகரம், பேர்லின் (தகரத்தைப் பூட்டும் குறுக்கு இரும்பு), சட்டம் எல்லாம் சேர்ந்து சதுர மீற்றருக்கு 25 கிலோ என்று வையுங்கள். செக்கனுக்கு 40 மீற்றர்க் காற்றின் அழுத்தம் 100 கிலோ அளவு, அதில் 0.8 பங்கு கூரையை உறிஞ்சித் தூக்கினால் 80 கிலோ மேலே. 25 கிலோ கீழே. யார் வெல்வார் என்று சொல்லத் தேவையில்லை. மட்டக்களப்பைப் புரட்டிய 1978 நவம்பர்ச் சூறாவளிக்குப் பிறகு இலங்கையை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். 1964 மார்கழியில் தனுஷ்கோடியை அழித்த புயல் எங்கள் பக்கத்துக் கடலால்தான் போனது. காற்றைக் கணக்கில் எடுக்காத கீழ் வலை இங்கே நிலைக்காது.

தீவுப்பகுதியில் ஒரு மண்டபத்தில், செலவைக் குறைக்கக் கீழ் வலைக்கு 16 மி.மீ. கம்பி போட்டிருந்தார்கள். இழுவைக்குத் தாராளமாகப் போதும். ஆனால் 2 மீற்றர் நீளத்தில் அந்தக் கம்பி அமுக்கத்தில் தாங்குவது ஏறத்தாழ 160 கிலோ மட்டும். ஒரு மாரியின் வாடைக்காற்றுக்குப் பிறகு கீழே நின்று பார்த்தபோது ஒவ்வொரு கம்பியும் ஒவ்வொரு பக்கம் சிரித்துக்கொண்டு நின்றது.

பைப்பா ஆங்கிள் இரும்பா என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. 50க்கு 50க்கு 5 ஆங்கிள் மீற்றருக்கு 3.77 கிலோ. நமது ஒன்றரை அங்குலப் பைப் 3.56 கிலோ. பாரம் ஏறக்குறைய ஒன்று. ஆனால் நெளிவுக்கு எதிர்நிற்பது இரும்பு எவ்வளவு என்பதல்ல, அது மையத்தில் இருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதுதான். அதை அளக்கும் சுழல் ஆரை பைப்புக்கு எல்லாத் திசையிலும் 16 மி.மீ.; ஆங்கிளுக்கு அதன் நொய்ந்த திசையில் 9.7 மி.மீ. நீளத்தை இதனால் பிரித்தால் மெலிவு விகிதம் வரும்: பைப்புக்கு 125, ஆங்கிளுக்கு 206. பி.எஸ். 5950 என்ற பழைய பிரித்தானிய இரும்புக் கட்டட விதிநூல் அமுக்கம் தாங்கும் உறுப்புக்குப் பொதுவாக 180க்கு மேல் போக விட்டதில்லை. நெளிவுக்கான ஒயிலரின் சூத்திரத்தில் போட்டால் பைப் சதுர மில்லிமீற்றருக்கு 130 நியூட்டன் அளவிலும், ஆங்கிள் 48இலும் நெளியும். கிட்டத்தட்ட அதே காசுக்கு இரண்டரை மடங்குக்கு மேல் பலம்.

கணக்கு சரி, பைப்பும் சரி, ஆனாலும் வளைகிறது என்றால் வேர்னியரை எடுங்கள். கடையில் "ஒன்றரை அங்குலம்" என்று கேட்டால் ஒன்றரை அங்குலம் கிடைக்கும். தடிப்பை யாரும் சொல்லமாட்டார்கள். பழைய பிரித்தானியத் தரமான பி.எஸ். 1387 பைப்பில் மண்ணிறப் பட்டி மெல்லியது, நீலம் நடுத்தரம், சிவப்பு தடித்தது. பட்டி இல்லாவிட்டால் தராசில் போடுங்கள். 6 மீற்றர் நடுத்தரப் பைப் 21 கிலோவுக்குச் சற்று மேல் நிற்க வேண்டும். 14 கிலோ நின்றால் உங்கள் கையில் இருப்பது 2 மி.மீ. தடிப்பு. கதிரை செய்யலாம்.

வளைந்ததைக் கழற்றுவதில் அவசரம் வேண்டாம். அந்த முடிச்சின் இரண்டு பக்கமும் கீழே இருந்து ஜக் வைத்து, பாரத்தை வாங்கி, ஸ்லீவ் தளர்கிறதா என்று பார்த்த பிறகே கழற்ற வேண்டும். காஸ் வைத்துச் சூடாக்கி நிமிர்த்துவது வேண்டவே வேண்டாம். பாரம் நிற்கும் இரும்பு சூட்டில் மெழுகு. கழற்றிய இடத்தை அளந்து, அந்த அளவுக்குப் புதுப் பைப் செய்யுங்கள், பழைய வரைபட அளவுக்கல்ல. கட்டம் இப்போது நிற்கிற நிலைக்குப் பொருந்தாத பைப் மறுபடியும் வளையும்.

நடு தொய்கிறது

நீர்மட்டக் குழாயால் நாலு மூலையையும் நடுவையும் எடுங்கள். 250இல் ஒரு பங்கு, 24 மீற்றருக்கு 96 மி.மீ., என்பது பொதுவாக வைக்கும் எல்லை. ஆனால் அந்த எல்லையைவிட முக்கியமானது பொறியியலாளர் கணக்கில் வந்த எண். கணக்கில் 40 வந்து நேரில் அளக்க 80 நின்றால், எல்லைக்குள் இருக்கிறது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகக்கூடாது.

போனவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஹாட்ஃபோர்ட் நகர உள்ளரங்கின் கூரை 91 மீற்றருக்கு 110 மீற்றர் ஸ்பேஸ் பிரேம். கட்டும்போதே கணக்கைவிட இரண்டு மடங்கு தொய்ந்ததை அளந்தார்கள். கணக்கும் நேரில் நிற்பதும் இப்படித்தான் கொஞ்சம் வேறுபடும் என்று விட்டுவிட்டார்கள். 1978 ஜனவரி 18 விடியப்புறம், வெண்பனியின் பாரத்தில் முழுக்கூரையும் கீழே வந்தது. அதற்குச் சில மணித்தியாலங்களுக்கு முன் அங்கே ஆயிரக்கணக்கானோர் கூடைப்பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழுந்தபோது ஒருவரும் உள்ளே இல்லை. மேல் வலையின் அமுக்க உறுப்புகள் நாலு ஆங்கிளைச் சேர்த்துச் செய்த சிலுவை வடிவம், அவற்றை நடுவில் பிடித்துக்கொள்ளப் போதிய பிணைப்பு இல்லை. தொய்வு நடுவில் தெரிந்தது. குற்றமோ உறுப்புகளின் நெளிவில். எங்களுக்கு வெண்பனி இல்லை, ஆனால் கூரையில் தேங்கி நிற்கிற மாரித் தண்ணீர் 10 செ.மீ. என்றால் சதுர மீற்றருக்கு 100 கிலோ.

தொய்வுக்குச் சாதாரணக் காரணம் இரண்டு. ஒன்று, இறுகாத போல்ட்கள். ஒவ்வொரு முடிச்சிலும் அரை மி.மீ. விட்டுக்கொடுத்தாலும் நடுவில் சேர்ந்து விரற்கடையாகிவிடும். அடுத்த தலைப்பில் உள்ளபடி பாருங்கள். இரண்டு, தூண்களில் ஒன்று இறங்கியது. மூலை மட்டங்கள் அதைக் காட்டிக்கொடுக்கும். தொய்ந்த நடுவை மட்டும் பார்த்துப் புதுத் தூண் ஒன்றை நடுவில் நட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். அங்கே தூண் வந்தால் அதற்கு மேலே இழுபட்ட பைப்கள் அமுங்கும், அமுங்கியவை இழுபடும். ஒன்றும் அதற்கென்று தெரிந்தெடுத்த பைப்பல்ல.

ஸ்லீவின் பின் நடுவழியில் நிற்கிறது

பந்து போல்ட் முறையில் இதுதான் என்னை இரவில் எழுப்புகிற கோளாறு, ஏனென்றால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஸ்லீவைச் சாவியால் திருக, உள்ளே உள்ள பின் (சிறு ஊசி) போல்ட்டைப் பந்துக்குள் செலுத்தும். அந்தப் பின், ஸ்லீவின் நீள்துளையில் ஒரு நுனியில் இருந்து மறு நுனிக்கு நகரும். நுனிக்குப் போய் நின்றால் போல்ட் முழுக்க இறங்கிவிட்டது. நடுவில் நின்றால், ஸ்லீவ் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், போல்ட் இரண்டு மூன்று புரியில் தொங்கிக்கொண்டு இருக்கிறது. 20 மி.மீ. போல்ட் குறைந்தது 22 மி.மீ. உள்ளே போக வேண்டும்.

அமுக்கம் ஸ்லீவால் போகும், இழுவை போல்ட்டால் மட்டும் போகும். எனவே மேல் வலையில் இந்தப் பிழை வருடக்கணக்காக ஒளிந்து இருக்கும். காற்று கூரையைத் தூக்குகிற அன்று மேல் வலை இழுபடும். அன்றுதான் தெரியவரும்.

காரணம் பெரும்பாலும் அழுக்கு: புரிக்குள் போன பெயின்ற், துருத்தடுப்பு நாகப்பூச்சு, சீமெந்துத் தூள். பந்துகளை மணலில் உருட்டி வைத்தாலே போதும். கழற்றி, புரியைத் துடைத்து, போல்ட்டைக் கையால் முழுக்கத் திருகிப் பாருங்கள். கையால் போகாதது சாவியாலும் ஒழுங்காகப் போகாது. ஜி.ஐ. (நாகப்) பூச்சு உள்ள போல்ட் என்றால் துளையின் புரியைக் கொஞ்சம் பெரிதாக வெட்டியிருக்க வேண்டும். 10.9 தரத்துக்கு மேற்பட்ட போல்ட்டை அமிலத்தில் கழுவி நாகத்தில் தோய்க்கக் கொடுக்காதீர்கள். ஐதரசன் உள்ளே புகுந்தால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கண்ணாடி போல முறியும்.

பந்து இல்லாத சட்டம்: வெல்டில் மயிர்க்கோடு

பந்து வாங்க வசதி இல்லாதபோது பிளேற் வைத்து வெல்ட் செய்கிறோம், அல்லது பைப்பின் நுனியைக் கசக்கித் தட்டையாக்கிப் போல்ட் போடுகிறோம். தவறில்லை. ஆனால் வெல்டில் மயிர்க்கோடு தெரிந்தால் மேலே இன்னொரு வெல்ட் போட்டு மூட முன்பு ஒரு கேள்வி: அந்த முடிச்சுக்கு வருகிற பைப்களின் நடுக்கோடுகள் ஒரே புள்ளியில் சந்திக்கின்றனவா? நூலை நடுக்கோட்டில் பிடித்துப் பாருங்கள். 20 மி.மீ. விலகி, பைப்பில் 30 கிலோநியூட்டன் (3 தொன் அளவு) வந்தால், நேர் அழுத்தம் சதுர மில்லிமீற்றருக்கு 66 நியூட்டன். விலகலால் வருகிற வளைப்பு முழுதும் அந்த ஒரு பைப்பில் விழுந்தால் அதற்கு மேல் இன்னும் 125. வெல்ட் பாவம், என்ன செய்யும்? கோட்டைச் சரிசெய்யாமல் வெல்ட்டை மாற்றினால் புதுவெல்டும் அதே இடத்தில் கீறும்.

கோடு சரி என்றால் வெல்டிங்கைச் சந்தேகியுங்கள். 7018 வெல்டிங் கம்பியை மாரி மாதத்தில் திறந்த பெட்டியில் வைத்துவிட்டு மறுநாள் பாவித்தால் ஈரத்தின் ஐதரசன் வெல்டுக்குள் போகும், ஆறிய பிறகு வெடிக்கும். அந்தக் கம்பியைச் சூடாக்கி உலர்த்த வேண்டும். ஜி.ஐ. பைப் என்றால் வெல்ட் வருகிற இடத்தில் நாகத்தைக் கிறைண்டரால் முழுக்க எடுங்கள். எடுக்காவிட்டால் வெல்ட் அப்பம் மாதிரித் துளைத்துளையாக வரும். அந்த வெள்ளைப் புகை இரவில் காய்ச்சலும் கொண்டுவரும். பால் குடித்தால் சரியாகும் என்று பட்டறைகளில் ஒரு நம்பிக்கை. பால் நல்லதுதான், புகைக்கு மருந்தல்ல. காற்றோட்டமும் முகமூடியும்தான் மருந்து.

கசக்கிய நுனியில் மடிப்பு ஓரமாகக் கோடு விழுந்தால் திருத்த முயலாதீர்கள். பைப்பை மாற்றுங்கள்.

பந்தைச் சுற்றித் துரு வழிகிறது

கடலும் களப்பும் சுற்றிய ஊரில் துரு வராது என்று யாரும் எழுதித் தரமுடியாது. எங்கே வருகிறது என்பதுதான் விஷயம். சோளகக் காற்று உப்பைக் கொண்டுவந்து அப்பும். மாரி மழை மேற்பக்கத்தைக் கழுவிவிடும். கீழ்ப்பக்கம் கழுவப்படுவதே இல்லை. ஆகவே துருவைத் தேடுகிறவர் கீழே இருந்து அண்ணாந்து பார்க்க வேண்டும், பந்தின் வயிற்றை, ஸ்லீவின் நீள்துளையை.

பந்தில் பாவிக்காத துளைகள் திறந்து கிடந்தால் அவை உப்புத் தண்ணீர்க் கிண்ணங்கள். நீள்துளையையும் அவற்றையும் இறுக்கிப் பார்த்த பிறகு பசையால் மூடுங்கள். பார்க்க முன்பு மூடினால் ஸ்லீவின் அந்தப் பின் எங்கே நிற்கிறது என்று பிறகு தெரியாது. பைப்பைச் சுத்தியலால் தட்டுங்கள். மணி போல ஒலிக்க வேண்டியது மண்பானை போல ஒலித்தால் உள்ளே தண்ணீரோ துருவோ உண்டு. வெளிப்பக்கம் சுற்றிவர 1 மி.மீ. தின்றுவிட்டால் நமது பைப்பின் இரும்பில் மூன்றில் ஒன்று போய்விட்டது. பெயின்றால் அது திரும்பி வராது. வருடத்துக்கு ஒருமுறை, சோளகம் முடிய, நல்ல தண்ணீரால் கீழ்ப்பக்கத்தைக் கழுவினால் பெயின்றின் ஆயுள் கூடும். கரையோர ஊர்களில் உவர்க்கிணற்றுத் தண்ணீரால் கழுவுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது உப்புக்கு உப்பு.

தூண் தலையில் கொங்கிறீற்று வெடிக்கிறது

வெயில்தான். விடியலுக்கும் மத்தியானத்துக்கும் 25 பாகை வித்தியாசம் என்றால் 24 மீற்றர்ச் சட்டம் 7 மி.மீ. நீளும். ஒரு பக்கம் இறுக்கி, மறு பக்கம் நீள்துளையில் வழுக்க விட்டிருப்பார்கள். போய்ப் பாருங்கள், பத்தில் பாதித் தடவை யாரோ நல்லெண்ணத்தோடு "பலமாக இருக்கட்டும்" என்று வாசரை வெல்ட் செய்து மூடியிருப்பார்கள். வெல்ட்டைச் சீவி எடுத்து, நீள்துளையைத் துப்புரவாக்கி, அடியில் உள்ள பட்டை நசிந்திருந்தால் மாற்றுங்கள். வெடிப்பைப் பூசுவது அதற்குப் பிறகு.

கூரை டிக் டிக் என்கிறது

காலையில் வெயில் ஏறும்போதும் பின்னேரம் இறங்கும்போதும் மட்டும் என்றால் முடிச்சுகள் தம்மைச் சரிசெய்துகொள்கிற சத்தம். கலியாணத்துக்கு வந்தவர்கள் பயப்படுவார்கள், நீங்கள் பயப்படத் தேவையில்லை. காற்றோடு வந்தால் அது வேறு. அன்றிரவே ஏற வேண்டாம், ஈரப் பைப் வழுக்கும். விடிந்ததும், சீற் சூடாக முன்பு, வரைபடத்தோடு போய், சத்தம் கேட்ட பக்கத்துத் தூணில் இருந்து ஸ்லீவ்களைக் கையால் திருகிப் பார்த்துக்கொண்டு வாருங்கள். கையோடு திரும்புகிற முதல் ஸ்லீவில் நின்றுவிடாமல் அந்த வரிசை முடியும்வரை போங்கள்.